டைமிங் பெல்ட்டை வீட்டிலேயே மாற்றலாமா? கேள்வி பதில்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் முப்பது ஆண்டுகளாகக் கார் பட்டறை நடத்தி வருகிறேன். டைமிங் பெல்ட்டை வீட்டு வாசலிலேயே மாற்றுவது பற்றிக் கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு, வந்த வரிசையிலேயே பதில் எழுதியிருக்கிறேன்.

லாஸ்பேட்டை: ஐயா, என்னிடம் 2007-ஆம் ஆண்டு சான்ட்ரோ இருக்கிறது. ஆயில், பிரேக் பேட் எல்லாம் நானே மாற்றுவேன். டைமிங் பெல்ட்டையும் நானே மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் பிரேக் பேட் மாற்றுவதைப் போன்ற வேலை இது அன்று என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்றும்போது, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஒரு முறை சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைக் காப்பது இந்த ரப்பர் பெல்ட் ஒன்றுதான். எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. பல எஞ்சின்களில் வால்வு இறங்கி நிற்கும் அதே இடத்திற்குத்தான் சற்று நேரத்தில் பிஸ்டனும் ஏறி வருகிறது. உங்கள் எஞ்சினில் இரண்டும் மோதுமா மோதாதா என்ற ஆராய்ச்சியே வேண்டாம். மோதும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பெல்ட் இருக்கும் பக்கத்து முன்சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருக்கும். நம் கடலோர வீடுகளில் வாசல் பெரும்பாலும் மணல் என்பதால் ஜாக்கி மெல்ல மெல்ல இறங்கும். அடியில் கனமான பலகை போட்டு, காரை ஸ்டாண்டின் மீது உட்கார வைத்த பிறகே கை நீட்டுங்கள். அந்தப் பக்கத்து எஞ்சின் மவுண்டிங்கைக் கழற்றும்போது ஆயில் சம்புக்கு அடியில் பலகை வைத்து இன்னொரு ஜாக்கியால் எஞ்சினைத் தாங்கிக்கொள்ள வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் கிராங்க்கைக் கையால் சுற்றுவது எளிதாகும்.

அடுத்து, பழைய பெல்ட் இருக்கும்போதே கிராங்க்கைச் சுற்றி, கிராங்க் பல்சக்கரத்தின் குறியும் (தயாரிப்பிலேயே பொறித்த அடையாளம்) கேம் பல்சக்கரத்தின் குறியும் அவற்றுக்குரிய இடத்தில் நிற்கும்படி செய்யுங்கள். வெளியே இருக்கும் பெரிய புல்லியின் குறியும் உள்ளே இருக்கும் பல்சக்கரத்தின் குறியும் வேறு வேறு. முதன்முறை செய்பவர்கள் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டைக் கழற்றியதும் வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் கேம் சட்டென்று சிறிது நகரக்கூடும். அதற்காகப் பதற வேண்டாம், அந்தச் சிறிதளவு மட்டும் திருப்பிக் குறிக்குக் கொண்டு வந்தால் போதும். பெல்ட் இல்லாத நேரத்தில் கிராங்க்கையோ கேமையோ அதற்கு மேல் தனியாகச் சுற்றவே கூடாது.

புதிய பெல்ட்டை மாட்டும்போது டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை) இல்லாத பக்கம் விறைப்பாக இருக்க வேண்டும். தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கத்திற்கு வர வேண்டும். டென்ஷனரை மேனுவலில் உள்ள முறைப்படி வைத்து, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். அதன் பிறகு, சாவியைத் தொடுவதற்கு முன், ஸ்பானர் போட்டுக் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மீண்டும் அதே இடத்திற்கு வருகின்றனவா என்று பாருங்கள். இதை மட்டும் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.

நெல்லிக்குப்பம்: எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

உங்கள் காரின் மேனுவலில் உள்ள எண்தான் விடை. பழைய கார்கள் பலவற்றுக்கு அது 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் இருக்கும். கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் ரப்பருக்கு வயது உண்டு. ஓடாமல் நின்ற காரின் பெல்ட்டும் மூப்படையும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய காருக்கு, மாற்றியதற்கான ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள்.

வில்லியனூர்: என் காரில் பெல்ட்டா செயினா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய மாருதி 800, ஆம்னி, ஜென், ஆல்டோ 800, பழைய சான்ட்ரோ, இண்டிகா டீசல் ஆகியவை பெல்ட். ஆல்டோ கே10, 1.2 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட், 1.3 லிட்டர் டீசல் ஸ்விஃப்ட் ஆகியவை செயின். வேகன் ஆரில் பழைய எஞ்சினுக்குப் பெல்ட், 2010-இல் வந்த கே வரிசை எஞ்சினுக்குச் செயின். மற்றவற்றுக்கு எஞ்சின் எண்ணைச் சொல்லி உதிரிபாகக் கடையில் கேளுங்கள்.

செம்மண்டலம்: 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, என் இண்டிகா டீசல் பானெட் வரை இரண்டு நாள் நீரில் நின்றது. ஆயில், ஃபில்டர் எல்லாம் மாற்றி இப்போது நன்றாக ஓடுகிறது. பெல்ட்டைப் பார்க்க வேண்டுமா?

இன்றே பார்க்க வேண்டும். டைமிங் கவர் நீர் புகாத பெட்டி அன்று, தூசியைத் தடுக்கும் மூடி மட்டுமே. அந்த வெள்ளத்திற்குப் பிறகு என் பட்டறைக்கு வந்த ஒரு காரின் கவரைத் திறந்தபோது, அடிப்பகுதியில் விரல் கனத்திற்குச் செம்பழுப்பு வண்டல் காய்ந்து, ஓடு போல வெடித்துக் கிடந்தது. பெல்ட்டின் பல்லிடுக்குகளில் மணல் ஒட்டியிருந்தது. ஆனால் உண்மையான ஆபத்து பெல்ட்டில் இல்லை. டென்ஷனரைக் கழற்றிக் காதருகே வைத்து விரலால் சுற்றியபோது, அம்மியில் உலர்ந்த அரிசியைத் தேய்ப்பது போன்ற சத்தம் வந்தது. பேரிங்கின் கிரீஸ் கழுவப்பட்டு, அந்த இடத்தில் சேறு புகுந்திருந்தது. அப்படிப்பட்ட பேரிங் ஒருநாள் இறுகினால் பெல்ட் அதன் மீது தேய்ந்து அறுந்துபோகும். புதிய பெல்ட்டை மட்டும் போட்டு, பழைய டென்ஷனரை விட்டுவைத்தால் அந்தப் புதிய பெல்ட்டும் போய்விடும்.

ஆகவே பெல்ட், டென்ஷனர், ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளை) எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கிராங்க், கேம் ஆயில் சீல்களையும் அப்போதே பாருங்கள். உங்கள் எஞ்சினில் டீசல் பம்பும் இதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது என்பதால் மூன்று குறிகளும் ஒருங்கே சேர வேண்டும். டீசலில் அழுத்தம் மிக அதிகம். மேலே வந்த பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே இடமே இராது. நான் இதைச் சொந்த அனுபவத்தில் கற்றவன். 2003-இல் ஒரு பள்ளி ஆசிரியரின் இண்டிகாவை மாலைக்குள் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், கையால் சுற்றிப் பார்க்காமல் செல்ஃப் கொடுத்தேன். ஒரே ஒரு ‘டக்’ சத்தம்தான் கேட்டது. நான்கு வால்வுகள் வளைந்தன. ஹெட்டைக் கழற்றி, என் செலவில் சரிசெய்து கொடுத்தேன். அன்று முதல் கையால் இரண்டு சுற்று சுற்றாமல் எந்த வண்டியிலும் சாவியைத் திருப்பியதில்லை.

அரியாங்குப்பம்: குறிகளைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. பழைய பெல்ட்டிலும் பல்சக்கரங்களிலும் வெள்ளை பெயிண்டால் கோடு போட்டு, பற்களை எண்ணி, அதே கோடுகளைப் புதிய பெல்ட்டில் போட்டு மாட்டினால் போதும். நான் நான்கு கார்களில் இப்படித்தான் செய்தேன்.

உங்கள் நான்கு கார்களும் ஓடுகின்றன என்பதை நம்புகிறேன். முறையை ஏற்க மாட்டேன். பழைய பெல்ட் சரியான இடத்தில்தான் இருந்தது என்பதற்கு உங்களிடம் என்ன சான்று? டென்ஷனர் தளர்ந்து ஒரு பல் தாண்டியிருந்தால், அந்தப் பிழையை அப்படியே புதிய பெல்ட்டுக்குப் பிரதி எடுக்கிறீர்கள். கேம் பல்சக்கரத்தில் 40 பல் இருப்பதாகக் கொண்டால் ஒரு பல் என்பது கேமில் 9 டிகிரி, கிராங்க்கில் 18 டிகிரி. வண்டி ஓடும், ஆனால் இழுவை இராது, எரிபொருள் வீணாகும், உரிமையாளர் ஆண்டுக்கணக்கில் வேறு எதையோ மாற்றிக்கொண்டிருப்பார்.

அரியாங்குப்பம் (மீண்டும்): பல் தாண்டியிருந்தால் ஓட்டும்போதே தெரியாதா? மேலும், துருவில் குறியே தெரியாத எஞ்சினில் என்ன செய்வீர்கள்?

பழகிப்போனவருக்கு ஒரு பல் பிழை தெரியாது. இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. கடற்காற்றில் நின்ற வண்டிகளில் குறி துருவில் மறைந்துபோவது உண்மைதான். வயர் பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தால் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். வெளிப்பட்டதும் அதன் மீது பெயிண்ட் தொடுங்கள். பெயிண்ட் உதவ வேண்டிய இடம் அதுதான்.

முத்தியால்பேட்டை: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நானும் பெயிண்ட் கோடு போடுபவன்தான். ஆனால் முதலில் குறிகளைச் சேர்த்து வைத்துவிட்டுத்தான் கோடு போடுவேன். அது தவறா?

தவறே இல்லை. குறி சரி என்று உறுதி செய்த பிறகு போடும் கோடு, பெல்ட் மாட்டும்போது ஒரு பல் நழுவாமல் காக்கும். அரியாங்குப்பம் நண்பர் விட்டுவிட்டது அந்த முதல் படியைத்தான். கோடு எஞ்சினின் குறிக்குத் துணை நிற்கலாம். குறிக்கு மாற்றாக நிற்க முடியாது. இருவரும் கோடு போட்ட பிறகும் கையால் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். சுற்றிய பிறகு பெல்ட்டில் போட்ட கோடுகள் பழைய இடத்திற்கு வராமல் போகலாம். பல்சக்கரத்தின் குறிகள் வந்தாக வேண்டும்.

பாகூர்: எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் ஐயா?

நெல்லிக்குப்பம் வாசகருக்கு எழுதிய பதிலைப் பாருங்கள்.

கடலூர் முதுநகர்: இன்னோவாவில் டைமிங் பெல்ட் விளக்கு எரிகிறது. பெல்ட் அறுந்துவிடப் போகிறதா?

அந்த விளக்கு பெல்ட்டைப் பார்ப்பதில்லை, கிலோமீட்டரை மட்டுமே எண்ணுகிறது. பெல்ட்டை மாற்றிய பிறகு விளக்கையும் மறுபடி பூஜ்யமாக்க வேண்டும். விளக்கை மட்டும் அணைத்துத் தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: டஸ்டர் டீசல் பெல்ட்டை வீட்டில் மாற்றலாமா?

வேண்டாம். கிராங்க்கையும் கேமையும் பூட்டுவதற்கான பின்கள் இல்லாமல் அதைத் தொடக்கூடாது. வாட்டர் பம்பும் அந்தப் பெல்ட்டில்தான் சுற்றுகிறது. பட்டறையில் கொடுக்கும்போது அதையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.

ரெட்டியார்பாளையம்: ஸ்கூட்டர் பெல்ட்டுக்கும் இதே முறைதானா?

இல்லை. அது பின்சக்கரத்தை ஓட்டும் பெல்ட். வால்வுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நெய்வேலி: கிராங்க் புல்லி போல்ட் அசையவே இல்லை. ஸ்பானரைத் தரையில் முட்டுக் கொடுத்துச் செல்ஃப் அடித்தால் கழன்றுவிடும் என்கிறார்களே?

செய்யாதீர்கள். ஸ்பானர் நழுவினால் முகத்தில் அடிக்கும். முதல் நாளிரவே துரு நீக்கும் எண்ணெயை போல்ட்டில் மட்டும் விட்டு ஊற வையுங்கள். அந்த எண்ணெய் மாட்டப்போகும் புதிய பெல்ட்டில் படக்கூடாது. மறுநாள் டாப் கியரில் போட்டு, ஒருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லி, நீண்ட கைப்பிடியுள்ள சாக்கெட் ஸ்பானரால் திருப்புங்கள். சுற்றும் திசையையும் கவனிக்க வேண்டும்: பழைய ஹோண்டா சிட்டியின் எஞ்சின் மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் சுற்றுவது.

தவளக்குப்பம்: எத்தனை கிலோமீட்டர்...

மேனுவல்.

லாஸ்பேட்டை (மீண்டும்): ஐயா, பெல்ட் மாட்டிவிட்டேன். நீங்கள் சொன்னபடி கையால் சுற்றுகிறேன். முதல் சுற்று முடியும் முன்பே கெட்டியாக நிற்கிறது. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்க்கட்டுமா?

அழுத்தாதீர்கள் தம்பி. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினீர்களா என்று முதலில் பாருங்கள். பிளக் இருந்தால் அந்தத் தடை காற்றின் அழுத்தமாக இருக்கலாம். அது பஞ்சை அமுக்குவது போல மெல்ல விட்டுக்கொடுக்கும். பிளக்குகளைக் கழற்றிய பிறகும் சுவரில் முட்டியது போல நின்றால், வால்வு பிஸ்டனைத் தொடுகிறது என்று கொள்ளுங்கள். கையால் மெல்லச் சுற்றியதால் பெரும்பாலும் இன்னும் ஒன்றும் வளைந்திருக்காது. வந்த வழியே பின்னோக்கிக் குறிக்குக் கொண்டு வாருங்கள். டென்ஷனரைத் தளர்த்தி, பெல்ட்டைக் கழற்றி, கிராங்க் பக்கத்தில் நீங்கள் பார்த்தது பெரிய புல்லியின் குறியா, உள்ளே உள்ள பல்சக்கரத்தின் குறியா என்று நீங்கள் எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். பேட்டரி வயரை இன்னும் மாட்ட வேண்டாம். மீண்டும் மாட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். இரவு பட்டறையில்தான் இருப்பேன்.