சாமி இல்லாத கோயிலுக்கே சாமி வந்துவிட்டார், டீம் எப்போ வரும்?

"ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு" என்று நம்ம வேலூரைக் கிண்டல் செய்வார்கள். 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பியதும் அதில் ஒன்று அடிபட்டுப் போனது. இப்போது அந்த இடத்தில் "டீம் இல்லாத ஊர்" என்று ஒருவர் சேர்த்து அனுப்பியிருக்கிறார். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இந்தக் கிரிக்கெட் டீமைச் சுற்றித்தான், அதனால் மற்றதை ஓரமாக வைத்துவிட்டேன்.

ஐபிஎல்-லில் இன்னும் ரெண்டு டீம் சேர்த்தால் வேலூருக்கு வாய்ப்பு இருக்கா சார்? – காட்பாடி

இல்லை. ஆறுதலுக்காகக்கூட ஆமாம் என்று சொல்ல முடியாது.

கடைசியாக 2021-ல் ரெண்டு அணி சேர்த்தார்களே, அதைப் பாருங்கள். இந்திய கிரிக்கெட் வாரியமான பிசிசிஐ முதலில் ஆறு ஊர்களைப் பட்டியலில் வைத்தது: அகமதாபாத், லக்னோ, கட்டக், குவாஹாத்தி, இந்தூர், தர்மசாலா. ஆறிலும் அதற்கு முன்பே சர்வதேசப் போட்டி நடத்திய மைதானம் இருந்தது. குறைந்தபட்ச விலை 2,000 கோடி ரூபாய். முதலாளிகள் தங்களுக்கு வேண்டிய ஊருக்கு விலை எழுதிக் கொடுத்தார்கள். லக்னோ 7,090 கோடிக்கும் அகமதாபாத் 5,625 கோடிக்கும் போனது. அதாவது வாரியம் ஊர்களை வடிகட்டும், அதற்குள் முதலாளி தேர்ந்தெடுப்பார். வடிகட்டும் இடத்தில் கேட்கிற முதல் கேள்வியே மைதானம் எங்கே என்பதுதான், அங்கேயே நாம் நின்றுவிடுவோம்.

அதைத் தாண்டினாலும் இன்னொன்று இருக்கிறது. சேப்பாக்கம் நமக்கு 140 கிலோமீட்டர் பக்கம், பெங்களூர் 200-க்குக் கொஞ்சம் மேல். காட்பாடியில் ரயில் ஏறினால் எந்தப் பக்கமும் போய் மேட்ச் பார்க்கலாம். ரெண்டு பெரிய அணிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிற ஊரில் மூன்றாவது அணிக்கு யார் காசு போடுவார்கள்? லக்னோவை அவ்வளவு விலை கொடுத்து வாங்கியதே, இருபது கோடிக்கு மேல் ஜனம் இருக்கிற உத்தரப் பிரதேசத்துக்கு அன்றைக்கு ஒரு அணிகூட இல்லை என்பதால்தான்.

7,090 கோடியை டிக்கெட் விற்றா எடுப்பார்கள்? – ராணிப்பேட்டை

டிக்கெட்டில் எடுக்க நினைத்தால் பேரன் காலத்தில்தான் கணக்கு முடியும். ஒரு அணிக்கு லீக் சுற்றில் 14 மேட்ச், அதில் சொந்த ஊரில் ஏழு. ஏழே சாயங்காலம். பெரிய பணம் டிவி, மொபைல் ஒளிபரப்பு உரிமையில் இருக்கிறது. 2023 முதல் 2027 வரைக்கான உரிமை 48,390 கோடிக்கு விற்றது, அதிலிருந்து அணிகளுக்குப் பங்கு போகிறது. அணி எந்த ஊரில் இருந்தாலும் இந்தப் பங்கு வரும். ஊரை வைத்துக் கூடக் குறைய ஆவது கேட் வசூலும், உள்ளூர் விளம்பரதாரரும், சட்டை விற்பனையும்தான்.

கொச்சி டீம் ஒரே வருஷத்தில் காணாமல் போனதே, மலையாளிகள் கிரிக்கெட் பார்க்க வரவில்லையா? – ஆற்காடு

பாவம், ஜனங்கள் மேல் பழி போடாதீர்கள். 2010 மார்ச்சில் சென்னையில் நடந்த ஏலத்தில் கொச்சியைச் சுமார் 33 கோடி டாலருக்கும் புனேவை 37 கோடி டாலருக்கும் எடுத்தார்கள். கொச்சிக்குப் பல பங்குதாரர்கள், அவர்களுக்குள் ஆரம்பத்திலிருந்தே தகராறு. 2011-ல் ஒரு சீசன் ஆடினார்கள். வங்கி உத்தரவாதம் கட்டவில்லை என்று அந்த செப்டம்பரிலேயே வாரியம் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. வழக்கு இழுத்துக்கொண்டே போய், 2025-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் கொச்சித் தரப்புக்குச் சாதகமாக வந்த 538 கோடி ரூபாய்த் தீர்ப்பை உறுதி செய்தது. புனே வாரியர்ஸ் மூன்று சீசன் தாங்கியது, அதுவும் கடைசியில் அதே வங்கி உத்தரவாதத்தில்தான் போய் முட்டிக்கொண்டது.

ஊர் நன்றாக இருந்தும் முதலாளி சரியில்லை என்றால் இதுதான் கதி. தலைகீழாகவும் நடந்திருக்கிறது. சென்னையும் ராஜஸ்தானும் ரெண்டு வருஷம் தடையில் இருந்தபோது 2016, 2017-க்கு மட்டும் புனேவும் ராஜ்கோட்டும் வந்தன. அந்த ஏலம் விசித்திரமானது. வாரியத்திடமிருந்து யார் குறைவாகப் பணம் கேட்கிறார்களோ அவர்களுக்கு அணி. விலை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கியது. புனேக்காரர் வருஷம் 16 கோடியும் ராஜ்கோட்காரர் 10 கோடியும் தாங்களே தருவதாகச் சொல்லி எடுத்தார்கள்! ரெண்டு வருஷம் பெயர் தெரிந்தால் போதும் என்ற கணக்கு.

ஐபிஎல் வேண்டாம் விடுங்க. திண்டுக்கல், திருப்பூருக்கெல்லாம் டிஎன்பிஎல் டீம் இருக்கு. வேலூர் என்ன பாவம் பண்ணுச்சு? – சத்துவாச்சாரி

இந்தக் கேள்விக்காகத்தான் மற்றதைச் சீக்கிரம் முடித்தேன்.

2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் என்கிற டிஎன்பிஎல் ஆரம்பித்தபோது எட்டு அணிகள்: சேப்பாக்கம், திருவள்ளூர், காரைக்குடி, தூத்துக்குடி, மதுரை, திண்டுக்கல், திருச்சி, கோவை. வட மாவட்டங்களுக்குத் திருவள்ளூர் ஒன்று இருந்தது. அது 2018-ல் காஞ்சி என்று பெயர் மாற்றிக்கொண்டது, அப்புறம் அதுவும் போய் அந்த இடத்துக்கு நெல்லை வந்தது. காரைக்குடி திருப்பூராக மாறியது, தூத்துக்குடி சேலமாக மாறியது. 2025 சீசனில் ஆடிய எட்டைப் பாருங்கள், சென்னையை விட்டால் பாலாற்றுப் பக்கம் ஒன்றுகூட இல்லை. உங்கள் கோபம் நியாயமானதுதான்.

ஆனால் இதிலேயே ஒரு நல்ல செய்தியும் ஒளிந்திருக்கிறது. டிஎன்பிஎல்-லில் ஊர்ப் பெயருக்கும் மைதானத்துக்கும் ஒட்டுறவு கம்மி. முதல் சில வருஷம் மொத்தப் போட்டியும் சேப்பாக்கம், நத்தம், திருநெல்வேலி சங்கர் நகர் என்று மூன்றே இடத்தில் நடந்தது. காரைக்குடி அணி காரைக்குடியில் ஆடியதே இல்லை. அதனால் இருக்கிற ஒரு முதலாளி மனது வைத்து, லீக்கை நடத்துகிற தமிழ்நாடு கிரிக்கெட் சங்கமும் தலையாட்டினால், சட்டையில் "வேலூர்" என்று அடிக்க ஒரு சீசன் இடைவெளி போதும். அதில் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. டிவியில் ஊர்ப் பெயர் வரும், நாம் சத்துவாச்சாரி டீக்கடையில் நின்று கைதட்டலாம், அவ்வளவுதான்.

எனக்கு வேண்டியது மைதானம். நேதாஜி விளையாட்டரங்கத்தைச் சொல்லாதீர்கள், கொடியேற்றமும் அணிவகுப்பும் நடக்கிற இடம் அது. மேட்சுக்கு என்ன வேண்டும் என்று சொல்கிறேன். சர்வதேச அளவுப்படி பிட்சுக்குக் குறுக்கே எல்லைக்கு எல்லை குறைந்தது 150 கஜம், கிட்டத்தட்ட 137 மீட்டர் வேண்டும். சின்னப் பக்கம்கூட 65 கஜத்துக்குக் குறையக் கூடாது. டர்ஃப் பிட்ச் (விரிப்பு போடாத, புல் வளர்த்து உருட்டிய மண் தளம்) ஒன்று போதாது, ஐந்தாறு இருந்தால்தான் ஒன்றில் ஆடும்போது மற்றது ஆறும். ஒளிபரப்புக்குத் தாங்குகிற விளக்கு, கேமரா மேடை, மழைநீர் வடிகிற மணல் தரை. ரெண்டு அணி, நடுவர்கள், ஒளிபரப்பு ஆட்கள் எல்லாரும் தங்க நல்ல ஓட்டல். கடைசியாகச் சொன்னதில் வேலூருக்குப் பிரச்சினை இல்லை, ஆஸ்பத்திரிக்கு நாடு முழுக்க ஆள் வருகிற ஊர், அறைக்குப் பஞ்சமில்லை.

இதையெல்லாம் அரசாங்கம்தான் கட்ட வேண்டும் என்று காத்திருந்தால் ஆகாது. நத்தத்தில் இருப்பது ஒரு பொறியியல் கல்லூரி மைதானம், திண்டுக்கல் ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். கோவையிலும் கல்லூரி மைதானம்தான். சேலம் என்று சொல்லி ஆடுவது வாழப்பாடியில். ஆக ஊருக்கு நடுவில் இடம் கிடைக்கவில்லை என்பதெல்லாம் சாக்கு. கல்லூரிகளுக்குக் குறைவில்லாத நம் மாவட்டத்தில் யாராவது ஒருவர் பதினைந்து ஏக்கரை ஒதுக்கி, முதல் ரெண்டு மூன்று வருஷம் வயது வரம்புப் போட்டிகளையும் மாவட்டங்களுக்கு இடையிலான போட்டிகளையும் கேட்டு வாங்கி நடத்த வேண்டும். பிட்ச் நல்ல பிட்ச் என்று பேர் வாங்கினால் அப்புறம் லீக்கே தேடி வரும்.

வெயில் ஒரு காரணமா? அக்னி நட்சத்திரத்தில் இங்கே நிற்கவே முடியாதே. – குடியாத்தம்

வெயில் பிரச்சினையே இல்லை, ராத்திரி மேட்ச்தானே. டிஎன்பிஎல் நடக்கிற ஜூன், ஜூலையில் நம் பக்கத்துப் பிரச்சினை சாயங்கால இடிமழை. பகலெல்லாம் காய்ந்து ஆறு மணிக்கு மேற்கே கறுத்து, டாஸ் போடுகிற நேரத்தில் கொட்டும். நான் மாவட்ட லீக்கில் ஸ்கோர் எழுதிய காலத்தில் ஒரு மைதானத்தில் (எது என்று கேட்காதீர்கள், இன்னும் அங்கே போய்வருகிறேன்) முக்கால் மணி நேர மழைக்கு மறுநாள் மதியம் வரை கணுக்கால் சேறு, வடிகால் வாயில் யாரோ பழைய மேட்டிங் விரிப்பைச் சுருட்டிச் சொருகியிருந்தார்கள். மணல் தரையும் வடிகாலும் வேண்டும் என்று மேலே சொன்னது இந்த வயிற்றெரிச்சலில்தான்.

என் பையனுக்கு 14 வயசு, லெக் ஸ்பின் போடறான். வேலூர் டீம் வந்தா சான்ஸ் கிடைக்குமா அண்ணா? – ஒரு அம்மா, திருப்பத்தூர்

டீம் வந்தாலும் வராவிட்டாலும் அவன் வாய்ப்பு ஒன்றேதான் அம்மா. ஊர்க்காரன் என்று யாரும் எடுப்பதில்லை, 2023 முதல் டிஎன்பிஎல்-லிலும் ஏலம்தான். திண்டுக்கல்லை 2024-ல் கோப்பைக்குக் கொண்டுபோன கேப்டன் அஷ்வின் சென்னைக்காரர். பையனை மாவட்ட சங்கத்தின் வயது வரம்புத் தேர்வுக்கு அனுப்புங்கள், முடிந்தால் மேட்டிங்கை விட்டு டர்ஃபில் பந்து போடப் பழக்குங்கள். அவசரப்பட்டு அகாடமிக்கு முழு வருஷப் பணம் கட்டிவிடாதீர்கள், முதலில் மாதக் கணக்கில் கட்டிப் பாருங்கள்.

டீம் வந்தால் என்ன பெயர் வைக்கலாம்? ஆம்பூர் பிரியாணியைச் சேர்க்கணும். – ஆம்பூர்

2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு ஆம்பூர் திருப்பத்தூரில், ஆற்காடு ராணிப்பேட்டையில். "வேலூர்" என்று வைத்தால் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். வட ஆற்காடு என்று வையுங்கள், திருவண்ணாமலைக்காரர்கள்கூட 1989 வரை நம்மோடு இருந்தவர்கள்தானே, டிக்கெட் வாங்க வருவார்கள். பிரியாணியை மட்டும் பெயரில் இழுக்காதீர்கள், வாணியம்பாடிக்காரர் சண்டைக்கு வருவார்.