கையேட்டை யார் படிக்கிறார்கள்?

மதிப்பிற்குரிய ஐயா,

அரிசி ஆலைகளுக்கான கணக்கு மென்பொருள் ஒன்றுக்குத் தமிழில் பயனர் கையேடு எழுதி வருகிறேன். வாங்கியவர்கள் அதைத் திறப்பதாகவே தெரியவில்லை. கையேட்டில் தெளிவாக இருப்பதையே தொலைபேசியில் கேட்கிறார்கள். இனியும் எழுதத்தான் வேண்டுமா?

வாசகர், களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தம்பி,

கட்டாயம் எழுதுங்கள். ஆனால், முதற்பக்கத்திலிருந்து யாரும் படித்து வருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். புதிய பயனர்கள் கையேட்டை ஒதுக்கிவிட்டு உடனே வேலையில் இறங்குவதை ஐபிஎம் கணினி நிறுவனத்தின் ஆய்வாளர்களான ஜோன் கரோலும் மேரி பெத் ரொசனும் 1987இல் விரிவாக எழுதினார்கள். அதைச் சோம்பல் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பயனர்களுக்குக் கணினியில் ஒரு கடிதத்தைத் தட்டச்சிட்டு முடிக்க வேண்டும், மென்பொருளைக் கற்பது அவர்களது நோக்கமன்று. கரோல் பயனர்களைக் குறை சொல்லாமல் கையேட்டையே மாற்றினார்: நீண்ட முன்னுரைகளைக் குறைத்து, செய்யவேண்டிய வேலையையும் தவறு நேர்ந்தால் மீளும் வழியையும் முன்னே வைத்தார்.

கல்முனையில் ஒரு மருந்துக்கடையில் கணினித் திரையின் ஓரத்தில் கையால் எழுதிய தாளொன்று ஒட்டப்பட்டிருக்கிறது. "பில்லில் அளவு பிழைத்தால் எஃப்4. சேவ் பண்ணாமல் வெளியே வரவேண்டாம். பிரிண்டர் அடிக்காவிட்டால் ஒருதரம் நிப்பாட்டிப் போடவும்." கடைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் வேலை பழகுவது இதைப் பார்த்துத்தான். மென்பொருளோடு வந்த ஆங்கிலக் கையேடு உறை பிரிக்கப்படாமல் அலுமாரியில் கிடக்க, இந்தத் தாள் மட்டும் விளிம்பு கிழியும்வரை படிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே, மக்கள் படிப்பதில்லை என்ற முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அவர்கள் தடுமாறி நிற்கும் கணத்தில், அந்தத் தடுமாற்றத்துக்கான வரியைத் தேடிப் படிக்கிறார்கள்.

யூனிக்ஸ் என்ற கணினி இயங்குதளத்துக்கான கையேட்டின், 1971 நவம்பர் 3ஆம் திகதியிட்ட முதற்பதிப்பு இதற்கு நல்ல முன்மாதிரி. ஒவ்வொரு கட்டளைக்கும் தனிப் பதிவு, எங்கும் ஒரே ஒழுங்கில் தலைப்புகள், அறியப்பட்ட குறைகளை ஒளிக்காமல் சொல்லும் பகுதி என்று, தேடி வருபவருக்காகவே அது அமைந்திருக்கிறது.

உங்களுக்கு வரும் தொலைபேசிக் கேள்விகளை அவர்கள் கேட்கும் சொற்களிலேயே குறித்து வையுங்கள். அவையே உங்கள் தலைப்புகள். திரையில் வரும் பிழைச்செய்தியை எழுத்து மாறாமல் கொடுத்து, அதன்கீழ் செய்யவேண்டியதைச் சொல்லுங்கள். பெரும்போக அறுவடையில் நெல்மூடைகள் வந்து குவியும் நேரத்தில், எடையைத் தவறாகப் பதிந்துவிட்ட கணக்கப்பிள்ளைக்கு அந்தப் பக்கம் உடனே கிடைக்க வேண்டும். அப்படித் திருத்திய ஓர் அத்தியாயத்தை அனுப்பினால் வாசித்து என் கருத்தை எழுதுகிறேன்.