ஈயக்குண்டும் பியூட்டர் பட்டனும் தேட எந்த மெட்டல் டிடெக்டர்?

அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களிடமிருந்து இந்த முறை ஒரே விஷயத்தைச் சுற்றிப் பல கேள்விகள். 1775 முதல் 1783 வரை நடந்த அமெரிக்க விடுதலைப் போரின் படைப் பொருள்களை மண்ணில் தேடலாமா, எந்தக் கருவி வாங்குவது, காசு கொடுத்து வாங்கினால் ஏமாறாமல் இருப்பது எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். ஐந்து கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நியூ ஜெர்சியில் ஃப்ரீஹோல்ட் பக்கம் இருக்கிறோம். 13 வயது மகனுக்கு வரலாற்றில் பைத்தியம். தெரிந்தவர் ஒருவர் தன் சோள வயலில் தேடிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். 500 டாலருக்குள் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கலாம் என்று போனால், கடைக்காரர் 1,000 டாலருக்கு மேல் போட்டால்தான் ஆழம் போகும் என்கிறார். இணையத்தில் அதே மாடல் பாதி விலைக்குக் கிடைக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் அந்தப் பாதி விலையை மறந்துவிடுங்கள். பிரபல டிடெக்டர்களுக்கு அச்சு அசலான போலிகள் சந்தையில் சுற்றுகின்றன. டிடெக்டர் தயாரிக்கும் மைன்லேப், கேரட் நிறுவனங்களே இதைப் பற்றி எச்சரித்திருக்கின்றன. அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர்தானா என்று நிறுவனத்தின் பட்டியலில் பாருங்கள். சீரியல் எண் பதிவாகிறதா என்றும் கேளுங்கள். இது இரண்டும் இல்லாமல் வாரண்டி கிடைக்காது.

அடுத்தது ஆழம். உங்கள் விஷயத்தில் அது பெரிய கேள்வியே இல்லை. பல தலைமுறையாக உழுத வயலில் ஏர் புரட்டும் மேல்மண் முக்கால் அடியிலிருந்து ஒரு அடிதான். போர்க்காலப் பொருள்கள் பெரும்பாலும் அந்த மண்ணுக்குள்ளேயே புரண்டுகொண்டிருக்கும். ஆழத்தைவிட, குப்பைக்கு நடுவே நல்ல பொருளைப் பிரித்துச் சொல்லும் திறன்தான் உங்களுக்குத் தேவை.

எப்படி என்று சொல்கிறேன். டிடெக்டர் உலோகத்தின் மின்கடத்தும் தன்மையை வைத்துத் திரையில் ஒரு எண் காட்டும். இரும்பு கீழே, வெள்ளிக் காசு மேலே. ஈயக்குண்டு நடுவில் வரும். சிக்கல் பியூட்டர் பட்டனில்தான். வெள்ளீயக் கலவையான அது, சிகரெட் அட்டை ஃபாயிலும் சோடா கேன் மூடியின் வளையமும் வரும் அதே இடத்தில் வந்து உட்காரும். குப்பை வேண்டாம் என்று அந்த எண்களை அடைத்துவிட்டால் கான்டினென்டல் ராணுவத்தின், அதாவது அன்றைய அமெரிக்கப் படையின் பட்டனும் சேர்ந்தே போய்விடும். அதனால் இரும்புக்கு மேலே வரும் எந்தச் சத்தத்தையும் விடாமல் தோண்டச் சொல்லுங்கள். பையனுக்கு நூறு ஃபாயில் கிடைத்த பிறகு ஒரு பட்டன் கிடைக்கலாம். அந்தப் பொறுமை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைப் போடுங்கள்.

இன்னொன்று, பழைய வீடு இருந்த இடமெல்லாம் கொல்லன் அடித்த ஆணிகள் நிறைந்திருக்கும். டிடெக்டரின் அடியில் இருக்கும் தட்டுக்குக் 'காயில்' என்று பெயர். பெரிய காயில் ஒரே நேரத்தில் நாலு ஆணியையும் ஒரு பட்டனையும் பார்த்துக் குழம்பும். 11 அங்குலக் காயிலைவிட 5, 6 அங்குலச் சின்னக் காயில் அங்கே நன்றாக வேலை செய்யும். வாங்கும் மாடலுக்குச் சின்னக் காயில் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு வையுங்கள்.

300 முதல் 500 டாலருக்குள் மைன்லேப் வேன்குவிஷ் வரிசை, நோக்டா சிம்ப்ளக்ஸ் இரண்டும் தொடங்குகிறவர்களுக்குப் போதும். வேன்குவிஷ் ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் இயங்கும். சிம்ப்ளக்ஸ் ஒரே அலைவரிசைதான், ஆனால் தண்ணீர் புகாது. வர்ஜீனியாவில் கல்பெப்பர் பக்கம் போல இரும்புச் சத்து மிகுந்த செம்மண்ணில் எந்தச் சாதாரண டிடெக்டரும் திணறும். அங்கே தேடுகிறவர்கள் பல்ஸ் இண்டக்‌ஷன் என்ற வேறு வகை டிடெக்டருக்குப் பெருந்தொகை செலவழிக்கிறார்கள். உங்கள் வயல் எப்படி என்பது அங்கே போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதனால் பயன்படுத்திய பிறகும் திருப்பி எடுப்பார்களா, எடுத்தால் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்று கடையில் எழுத்தில் வாங்குங்கள்.

பட்ஜெட் முழுவதையும் டிடெக்டரிலேயே கொட்டாதீர்கள். குழிக்குள் பொருள் எங்கே இருக்கிறது என்று காட்டும், கையில் பிடிக்கும் பின்பாயிண்டர் ஒன்று கட்டாயம். அது இல்லாமல் மண்வெட்டியைப் போட்டால் 240 வருடம் தப்பிப் பிழைத்த பட்டனை நீங்களே இரண்டாக வெட்டிவிடுவீர்கள்.

கேள்வி: மான்மத் போர்க்களப் பூங்கா எங்கள் வீட்டுப் பக்கம்தான். புல்வெளி ஓரமாகத் தேடினால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்?

பதில்: நிச்சயமாகச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மான்மத் மாநிலப் பூங்கா, அனுமதியில்லாமல் அங்கே தேட முடியாது. வேலி ஃபோர்ஜ், மோரிஸ்டவுன், சரடோகா போன்ற தேசியப் பூங்காக்களில் விதி இன்னும் கடுமை. டிடெக்டரைப் பயன்படுத்தாமல் கையில் வைத்திருப்பதே குற்றம். காரில் இருந்தால்கூடக் கழற்றி மூட்டை கட்டி வைத்திருக்க வேண்டும்.

கூட்டரசு நிலத்திலிருந்து 100 வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை எடுப்பது 1979-இன் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 10,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. பொருளின் மதிப்பும் இடத்தைச் சீர்செய்யும் செலவும் 500 டாலரைத் தாண்டினால் 20,000 டாலர், இரண்டாண்டு. டிடெக்டரோடு வண்டியும் பறிமுதலாகலாம். விசாவில் இருப்பவர்கள் இந்த ரிஸ்க்கை எடுக்கவே கூடாது.

தனியார் நிலம் என்றால் உரிமையாளரின் கையெழுத்துப் போட்ட அனுமதி வேண்டும். கிடைப்பது யாருக்கு என்பதையும் அதிலேயே எழுதுங்கள். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறவர் வேறாக இருந்தால் அவரிடமும் கேளுங்கள்.

போர்க்களத்திலேயே தேடும் ஆசை இருந்தால் நேர்வழி உண்டு. 1778 ஜூன் 28 அன்று நடந்த மான்மத் போரின் களத்தை 'பிராவோ' என்ற தன்னார்வக் குழுவினர் முறைப்படி டிடெக்டர் கொண்டு ஆய்ந்திருக்கிறார்கள். அதுபோன்ற குழுவில் தன்னார்வலராகச் சேர முடியுமா என்று விசாரியுங்கள்.

கேள்வி: நண்பர் வயலில் வெள்ளையாகப் படிந்த ஈயக்குண்டுகள் கிடைத்தன. மஸ்கட் என்ற அந்தக் காலத்து நீளத் துப்பாக்கியின் குண்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விற்றால் விலை போகுமா?

பதில்: ஒரு கிராம் தராசு போதும். அடிபட்டுச் சப்பிப்போன குண்டாக இருந்தாலும் எடை பெரும்பாலும் மாறாது. பிராவோ குழுவைச் சேர்ந்த டேன் சிவிலிச் கண்ட கணக்கு இது: எடையின் (கிராமில்) கனமூலத்தை 0.2232-ஆல் பெருக்கினால் குண்டின் விட்டம் அங்குலத்தில் வரும். 29.5 கிராம் இருந்தால் ஏறக்குறைய 0.69 அங்குலம். அது பிரிட்டிஷ் 'பிரவுன் பெஸ்' துப்பாக்கிக்கான அளவு. 22.5 கிராம் என்றால் 0.63 அங்குலம், அமெரிக்கப் படையும் பயன்படுத்திய பிரெஞ்சு 'சார்ல்வில்' துப்பாக்கிக்குப் பொருந்தும். எந்தப் பக்கத்துப் படை அங்கே நின்றது என்பதற்கு ஒரு துப்பு கிடைத்துவிட்டது பாருங்கள்! துப்பு மட்டும்தான், ஏனென்றால் கைப்பற்றிய துப்பாக்கிகளை இரு தரப்பும் பயன்படுத்தின.

விலை? ஒற்றை ஈயக்குண்டுக்குச் சில டாலர்தான் தேறும். விற்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். எடுத்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து, தேதியோடு ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போட்டு வையுங்கள். ஒஹையோவில் 1794-இல் நடந்த ஃபாலன் டிம்பர்ஸ் போர் ஆற்றங்கரைச் சமவெளியில் நடந்தது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1995-இல் தொல்லியலாளர் மைக்கேல் பிராட் டிடெக்டர் கொண்டு நடத்திய ஆய்வில், ஒதுங்கியிருந்த ஒரு விவசாய நிலத்திலிருந்து குண்டுகளும் பட்டன்களும் வரிசையாக வந்தன. போர் நடந்த இடமே மாறிப்போனது. இடம் குறிக்காத குண்டுகளை வைத்து இதைச் சொல்லியிருக்கவே முடியாது.

அப்புறம், அந்த வெள்ளைப் படிவத்தைச் சுரண்டாதீர்கள். ஈயம் என்பதால் தொட்ட பிறகு கை கழுவுங்கள்.

கேள்வி: இபேயில் 180 டாலருக்கு 'யுஎஸ்ஏ' என்று பொறித்த விடுதலைப் போர் பட்டன் வாங்கினேன். வேலி ஃபோர்ஜில் தோண்டியது என்று போட்டிருந்தார்கள். தெரிந்த ஒருவர் நகல் என்கிறார். பணம் திரும்புமா?

பதில்: திரும்ப வாய்ப்பு நன்றாக உண்டு, தாமதிக்காதீர்கள். பொருள் கைக்கு வந்த 30 நாளுக்குள் 'விவரித்தபடி இல்லை' என்று இபேயில் புகார் போடுங்கள். விளம்பரப் பக்கத்தை முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பட்டனைத் தேய்க்கவோ கழுவவோ கூடாது. கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால், அந்தத் தொகை வந்த முதல் ஸ்டேட்மென்ட்டிலிருந்து 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் தெரிவிக்கும் உரிமையும் உண்டு.

போர்க்கால நாடகம் நடத்துகிறவர்களுக்காக இந்தப் பட்டனின் நகல்கள் சில டாலருக்கு நேர்மையாகவே விற்கப்படுகின்றன. அதை வாங்கிக் கறுப்பேற்றி, மண் பூசி விற்பவர்கள்தான் பிரச்சினை. நாணயம் போன்றவற்றின் நகலில் 'காப்பி' என்று பொறிக்க வேண்டும் என 1973 முதல் சட்டம் இருக்கிறது. ராணுவ பட்டனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மண்ணில் கிடந்த பியூட்டர் சாம்பல் நிறமாகிச் சொரசொரத்து, விளிம்பு அரித்து, பின்புற வளையம் பெரும்பாலும் உடைந்தே இருக்கும். எழுத்து கூர்மையாகவும் கறுப்பு ஒரே சீராகவும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இனி வாங்கினால் யார் தோண்டியது, எந்த நிலம், யார் அனுமதி என்று எழுத்தில் கேளுங்கள். வேலி ஃபோர்ஜ் தேசியப் பூங்கா. அங்கே தோண்டியது என்று ஒருவர் சொன்னால் ஒன்று பொய், இல்லாவிட்டால் திருட்டு. இரண்டுக்கும் பணம் கொடுக்கக் கூடாது.

கேள்வி: வர்ஜீனியாவில் பழைய பொருள் சந்தையில் 150 டாலருக்குப் பீரங்கிக் குண்டு ஒன்று பார்த்தேன். ஓரிடத்தில் துளை போல இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: துளை இருக்கிறது என்றால் வேண்டாம். அது உள்ளே மருந்து அடைத்த வெடிகுண்டாக இருக்கலாம். 2008-இல் வர்ஜீனியாவிலேயே, நீண்ட அனுபவம் உள்ள சேகரிப்பாளர் ஒருவர் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலக் (1861–65) குண்டைச் சுத்தம் செய்தபோது அது வெடித்து இறந்தார். 140 வருடம் ஆகியும் மருந்து உயிரோடு இருந்தது. துளை இல்லாத உருண்டைகளில் பலவும் ஆலைகளில் தாது அரைக்கும் இரும்புப் பந்துகள், அல்லது பள்ளி மைதானத்துக் குண்டெறிதல் குண்டுகள். உண்மையான ஆறு பவுண்டு இரும்புக் குண்டின் விட்டம் சுமார் 3.6 அங்குலம் இருக்கும்.

வயலில் இதுபோல ஒன்று கிடைத்தால் தூக்காதீர்கள், துளையிடாதீர்கள், காரில் ஏற்றாதீர்கள். தள்ளி நின்று 911-ஐ அழையுங்கள்.