புது பெல்ட் போட்டும் கார் கீச்சிடுகிறதா? வாங்குவதற்கு முன் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி: "காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் பக்கத்தில் 'கீ...ச்' என்று கத்துகிறது. இரண்டு நிமிடத்தில் நிற்கிறது. ஏசி போட்டால் திரும்பவும் வருகிறது. நான்கு மாதத்துக்கு முன்புதான் புது பான் பெல்ட் போட்டேன். கராஜில் பெல்ட்டுக்கு ஸ்ப்ரே அடித்தார்கள். ஒரு கிழமை சத்தமில்லை, பிறகு முன்னையிலும் மோசம். மாரி தொடங்கியதும் இன்னும் கூடிவிட்டது. இன்னொரு பெல்ட் வாங்குவதா?"

இப்போது வாங்க வேண்டாம். பான் பெல்ட் என்று நாம் சொல்லும் இன்றைய வரிப் பெல்ட்டுகள் (உட்பக்கம் நீளவாக்கில் வரிவரியாக இருப்பவை) இபிடிஎம் என்ற செயற்கை இறப்பரில் செய்யப்படுபவை. ஒழுங்காக ஓடினால் 80,000 கிலோமீற்றர் தாண்டியும் உழைக்கும், நான்கு மாதத்தில் தேய்ந்துபோகாது. கத்துவது பெல்ட்தான், ஆனால் கத்த வைப்பது வேறொன்று. அதைப் பிடிக்காமல் எத்தனை பெல்ட் மாற்றினாலும் சத்தம் திரும்பி வரும்.

முதலில் தண்ணீர்ச் சோதனை. பூச்செடிக்குத் தெளிக்கும் சின்ன ஸ்ப்ரே போத்தலில் நல்ல தண்ணீர் எடுங்கள். வயலுக்கு மருந்தடிக்கும் தாங்கி வேண்டாம், அதில் எண்ணெய்த்தன்மையான மிச்சம் நிற்கும். சத்தம் வரும் நேரத்தில், எஞ்சின் ஐடிலில் ஓட, பெல்ட்டின் வரியுள்ள பக்கத்தில் இரண்டு மூன்று தரம் தெளியுங்கள். சால்வை, தொங்கும் சட்டைக்கை எதுவும் கிட்டப் போகக்கூடாது. றேடியேற்றர் பான் சொல்லாமல் கொள்ளாமல் சுழலத் தொடங்கும்.

தெளித்ததும் சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, ரைற் காணாது. சத்தம் அடங்கி, ஈரம் காய்ந்ததும் திரும்பினால் புல்லிகள், அதாவது பெல்ட் சுற்றி ஓடும் சில்லுகள், ஒரே நேரில் இல்லை. இந்தச் சத்தம் பெரும்பாலும் நீளமாக இழுக்காது, 'கிச் கிச்' என்று குருவி போல விட்டுவிட்டு வரும். தண்ணீருக்கு எந்த மாற்றமும் இல்லையென்றால் பெயரிங்கைச் சந்தேகியுங்கள்.

நீங்கள் சொல்லும் இரண்டு நேரமும் பெல்ட்டுக்குப் பாரம் ஏறும் நேரம். ஸ்டார்ட் செய்யும்போது பற்றரி இழந்ததை டைனமோ உடனே நிரப்பப் பார்க்கும். மாரிக் காலையில் லைற், வைப்பர் எல்லாம் அதோடு சேரும். ஏசி போட்டால் கொம்பிரசரையும் அதே பெல்ட் இழுக்க வேண்டும். ஆகவே உங்கள் கார் முதலாவது வகை, பெல்ட் வழுக்குகிறது என்றே தெரிகிறது. பற்றரி பழசாகிச் சோர்ந்திருந்தாலும் இதே காலைச் சத்தம் வரும், அதையும் ஒருமுறை சோதியுங்கள்.

புது பெல்ட் ஏன் வழுக்குகிறது? போட்ட முதல் சில நிமிட ஓட்டத்திலேயே அது வரிகளுக்குள் இறங்கிக் கொஞ்சம் தளரும். ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டுத் திரும்ப ரைற் பார்க்க வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது இந்த வேலைதான். அதன் மேல் ஸ்ப்ரே. பெல்ட் ஸ்ப்ரே ஒட்டும் தன்மையால் சத்தத்தை மறைக்கும், ஆனால் நம்முடைய கிரவல் வீதிப் புழுதி முழுவதையும் அதே பசை பிடித்துவைக்கும். ஒரு கிழமையில் அது அரத்தூள் போலாகி பெல்ட்டையும் புல்லியையும் அராவும். வரிப் பெல்ட்டுக்கு ஸ்ப்ரே, சவர்க்காரக் கட்டி, பவுடர் எதுவும் போடவே கூடாது.

எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு பெல்ட்டைக் கழற்றுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் கழுவி நன்றாக உலரவிடுங்கள். பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய் படக்கூடாது, இபிடிஎம் எண்ணெயில் ஊதிவிடும். எண்ணெயில் ஊறிப்போன பெல்ட் என்றால் மட்டும் வீசிவிட்டுப் புதிது போடுங்கள், ஆனால் எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று கண்டபின். வோட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையால் கூலன்ற் கசிந்த காய்ந்த கறை இருக்கிறதா என்றும் பாருங்கள். புல்லிகளின் பள்ளங்களைப் பழைய பல்துலக்கியால் அதே சோப்புத் தண்ணீரில் தேய்த்து, பள்ளத்தின் அடி மினுங்குகிறதா என்று கவனியுங்கள். மினுங்கினால் பெல்ட் பக்கங்களில் பிடிக்காமல் அடியில் முட்டுகிறது: புல்லியோ பெல்ட்டோ தேய்ந்திருக்கிறது, அல்லது அளவு பிழை.

அளவு பெல்ட்டின் முதுகில் எழுதியிருக்கும். 4பிகே 855 என்றால் நான்கு வரி, 855 மில்லிமீற்றர் நீளம். உங்கள் எஞ்சினுக்கு உரிய எண்ணோடு ஒப்பிடுங்கள். "பத்து மில்லிமீற்றர் நீளம், பரவாயில்லை" என்று கடையில் தந்தால் வாங்காதீர்கள்.

பெல்ட் கழன்றிருக்கும்போதே ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றி, முன்பின்னாக ஆட்டிப் பாருங்கள். கரகரவென்றாலோ ஆடினாலோ பெயரிங் போய்விட்டது. பாரம் இல்லாத ஐட்லர் புல்லிகள் பலவற்றில் 6203 பெயரிங்தான்: உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீற்றர். இரண்டு பக்கமும் இறப்பர் சீல் உள்ளதை வாங்கினால் புழுதிக்கு நின்றுபிடிக்கும். லேத் பட்டறையில் மாற்றித் தருவார்கள், முழுப் புல்லி வாங்கத் தேவையில்லை.

திரும்பப் போடும்போது ஒரு வரி தள்ளி விழுந்துவிடாமல் பாருங்கள். பெல்ட் மாற்றிய மறுநாளே வரும் 'கிச் கிச்' சத்தத்துக்கு இது பெரிய காரணம், இரண்டு நாளில் ஓரம் நூல் நூலாகப் பிரியும். பிறகு நேரான இரும்புச் சட்டம் ஒன்றைப் புல்லி முகங்களில் வைத்துப் பாருங்கள். ஓர் அடி தூரத்துக்கு ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல் விலகல் இருந்தால் டைனமோவின் தாங்கியோ போல்ட்டோ பிழை.

ரைற் செய்யும் முறை: பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். டைனமோவின் அச்சு போல்ட்டையும் பூட்டு போல்ட்டையும் தளர்த்தி, இழுக்கும் போல்ட்டை அரைச்சுற்று அரைச்சுற்றாகத் திருகுங்கள். புல்லிகளுக்கு இடையிலான மிக நீண்ட பகுதியின் நடுவில் 10 கிலோ அளவு அழுத்தினால், கார்களில் பொதுவாக 8 முதல் 10 மில்லிமீற்றர் இறங்கும், உங்கள் காரின் கைநூலில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. 10 கிலோ எவ்வளவு என்று தராசில் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பழகுங்கள். சத்தத்துக்குப் பயந்து அளவுக்கு மீறி இறுக்கினால் டைனமோவினதும் வோட்டர் பம்பினதும் பெயரிங் போகும், அந்தச் செலவு பெல்ட்டைப் போலப் பல மடங்கு.

பெல்ட்டைத் தானே இறுக்கிவைக்கும் தானியங்கி ரென்ஷனர் உள்ள கார் என்றால் திருக எதுவுமில்லை. எஞ்சின் ஓடும்போது அதன் கை நடுங்கினாலோ, குறிகாட்டி கோட்டுக்கு வெளியே நின்றாலோ அதைத்தான் மாற்ற வேண்டும்.

பெல்ட் அறுந்தால் பற்றரி லைற் எரியும், சில கார்களில் ஸ்ரியரிங் இறுகும். வோட்டர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடினால் சில நிமிடத்தில் எஞ்சின் கொதிக்கும். மாங்குளம் வீதியில் காடாக இருக்கிறது, கராஜ் வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள், அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். உங்கள் பெல்ட் இன்னும் நல்ல நிலையில் இருந்தால், பிறகொரு நாள் புதிது போடும்போது கழற்றுவதை டிக்கியில் வைத்திருங்கள், 12, 14 நம்பர் ஸ்பனர்களோடு.