நாயகிக்குப் பின்னால் இருந்த தெரு

அம்மா, "படம் வரைஞ்சு சோறு சாப்பிட முடியுமா சார்?" என்று நேற்று கேட்டீர்கள். பெண் பன்னிரண்டாம் வகுப்பு, நோட்டு முழுக்க அனிமே (ஜப்பானிய கார்ட்டூன்) முகங்கள், பெரியப்பா கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மேனேஜ்மென்ட் சீட் பேசி வைத்திருக்கிறார். கவலைப்படாதீர்கள் என்றுதான் முதலில் சொன்னேன். நோட்டைப் புரட்டிய பிறகு வேறு விதமாகப் பேச வேண்டியிருக்கிறது.

அந்த சீட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். சொந்தக்காரர்கள் மெச்ச வேண்டும் என்று நகையை அடகு வைத்து, பிடிக்காத படிப்பில் நாலு வருஷம் அவளை உட்கார வைப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். லட்சக்கணக்கில் கேட்கிற தனியார் அனிமேஷன் டிப்ளமோவுக்கும் கடன் வேண்டாம்.

அவள் வரைந்த முகங்கள் சுமார்தான். பெரிய கண், கூரான தாடை, வரையச் சிரமமான கைகள் எல்லாம் பாக்கெட்டுக்குள். ஆனால் ஒரு பக்கத்தில் நாயகிக்குப் பின்னால் உங்கள் தெரு இருந்தது. மின்கம்பங்கள் தூரம் போகப் போகக் குட்டையாகி நெருங்குகின்றன. கம்பத்துக்குக் கம்பம் கம்பி தொய்கிற அளவுகூடச் சரியாக இருக்கிறது. யாரும் சொல்லித் தரவில்லையாம்.

இது பின்னணி ஓவியம். ஜப்பானில் அனிமே தயாரிப்பில் இதற்கென்றே தனிப் பிரிவும் கலை இயக்குநரும் உண்டு. கதாபாத்திரத்துக்கு வெளிக்கோடு, தட்டையான நிறம், அதன் மேல் ஒரு நிழல் போதும். பின்னணியில் பெரும்பாலும் கோடே இருக்காது, சுவரும் மரமும் நிறத்தாலேயே எழும்ப வேண்டும். பாத்திரம் நொடிக்கு 8 அல்லது 12 படங்களாக ஓடும். பின்னணியோ பல காட்சிகளில் ஒரே படமாக நிற்கும். அதனால் அதில் பிசகு இருந்தால் கண்ணில் பட்டுவிடும்.

அவளைப் பேருந்து நிலையத்துக்கு அனுப்பி முதலில் கண்மட்டக் கோட்டை, அதாவது அவள் கண் உயரத்தில் வரும் கிடைக்கோட்டைப் போடச் சொல்லுங்கள். நின்று பார்த்தால், சமதரையில் அவள் உயரமுள்ள எல்லோருடைய கண்ணும், பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், அந்தக் கோட்டில்தான் வரும். தூரத்து ஆளின் பாதம் மட்டும் மேலேறும். உட்கார்ந்து வரைந்தால் அதே கோடு நிற்பவர்களின் மார்பருகே வெட்டும். அப்புறம் ஒரே டீக்கடையைக் காலை 7 மணி, நண்பகல், மாலை 6 என்று மூன்று வெளிச்சத்தில் போஸ்டர் கலரில் வரையட்டும். நிழலுக்குக் கறுப்பைத் தொடக் கூடாது.

படிக்க, 1850-இல் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது, கும்பகோணத்திலும் ஒன்று. பி.எஃப்.ஏ. என்கிற கவின் கலை இளநிலைப் பட்டம் 4 வருஷம். சேர்க்கையில் வரையச் சொல்லிப் பார்ப்பார்கள், மேலே சொன்ன பயிற்சி அங்கே கைகொடுக்கும். கணினியில் வரைய கிரிட்டா என்ற மென்பொருள் இலவசம். அதில் பேனாவால் வரைய, திரை இல்லாத சாதாரண பென் டேப்லெட் (வரைபலகை) போதும்.

ஜப்பான் ஆசை இருந்தால் மொழியை இங்கேயே படிக்கலாம். ஆனால் அங்கே இடைப்படம் (ஒரு அசைவின் முக்கியப் படங்களுக்கு நடுவே வரும் படங்கள்) வரையும் புதியவர்களுக்குப் பெரும்பாலும் படக் கணக்கில் கூலி, அது மிகக் குறைவு. கடன் வாங்கிப் போனால் அடைக்க முடியாது. பின்னணி வரையும் கைக்கு கேம், விளம்பரம், சிறுவர் புத்தகம் என்று நம் ஊரிலும் வேலை உண்டு.

சீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் இந்த வாரமே திருப்பிக் கேளுங்கள். பெரியப்பாவை என்னிடம் அழைத்து வாருங்கள், அந்தத் தெருப் படத்தையும் கையோடு எடுத்து வாருங்கள்.