பழைய இரும்பில் லோடர் பக்கெட் கருவிகள்: கேள்வி பதில்

மண் அள்ளும் லோடர் வண்டியின் பக்கெட்டுக்குப் பல், ஃபோர்க் (பாரம் தூக்கும் நீட்டுக் கரங்கள்), கொக்கி எல்லாம் பழைய இரும்பிலேயே செய்துகொள்ளலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். பட்டறையில் நான் கையால் செய்து பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

லாரியின் பட்டை ஸ்பிரிங்கை வெட்டிப் பக்கெட்டில் பல்லாக வெல்டிங் வைத்தேன். இரண்டாம் நாளே மூன்று பல் போய்விட்டது. வெல்டிங் அப்படியே இருக்கிறது, அதை ஒட்டித்தான் உடைந்திருக்கிறது. ஏன் அண்ணா?

உங்கள் வெல்டிங்கில் குறை இல்லை. சாதாரண மைல்டு ஸ்டீலில் கார்பன் 0.2 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ஸ்பிரிங் பட்டையில் 0.5, 0.6 வரை போகும். வெல்டிங் சூட்டில் பழுத்த இடத்தைச் சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு சட்டென்று ஆற்றிவிடும். தண்ணீரில் முக்கியதுபோல அந்த ஓரம் மட்டும் கண்ணாடி மாதிரி இறுகிப்போகும். வெல்டிங் ராடில் ஈரம் இருந்தால் ஹைட்ரஜனும் உள்ளே போய் விரிசலைத் திறந்துவிடும்.

ஆரம்பத்தில் நானும் இதைச் செய்திருக்கிறேன். வேலை முடித்து முகமூடியைக் கழற்றிய கொஞ்ச நேரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். என்னவென்று தெரியாமல் விட்டுவிட்டேன். மறுநாள் சுத்தியலால் ஒரு தட்டு தட்டியதும் பல் கையோடு வந்தது. உடைந்த முகம் கற்கண்டு மாதிரி மினுமினுத்தது. இப்போதெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் அந்தப் பல்லை ஒதுக்கிவிடுவேன்.

வெல்டிங்தான் வேண்டும் என்றால் முதலில் 200 முதல் 300 டிகிரி வரை சூடாக்கி, நன்றாகக் காயவைத்த 7018 ராடில் (ஹைட்ரஜன் குறைவாக விடும் வகை) ஓட்டுங்கள். முடிந்ததும் காய்ந்த சாம்பலால் மூடி மெதுவாக ஆறவிடுங்கள். ஆனால் எனக்குப் பிடித்த வழி வேறு. பட்டையின் நடுவில் சென்டர் போல்ட்டுக்கான ஓட்டை ஏற்கெனவே இருக்கும். அதற்குச் சற்றுப் பின்னால் வெட்டினால் ஓட்டையோடு ஒரு பல் கிடைக்கும். மைல்டு ஸ்டீலில் ஒரு உறை செய்து அதைப் பக்கெட்டில் வெல்டிங் வையுங்கள். பல்லை உறைக்குள் செருகி போல்ட் போடுங்கள். உறை பக்கவாட்டில் ஆடவிடாது, உடைந்தால் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். ஒரு பட்டைக்கு ஒரு பல்தான் தேறும், பரவாயில்லை.

கையில் இருப்பது என்ன இரும்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அது முன்பு எந்த வேலை செய்தது என்று பாருங்கள், பாதி விடை அங்கேயே இருக்கிறது. அப்புறம் கிரைண்டரில் லேசாகத் தொடுங்கள். மைல்டு ஸ்டீல் நீளமான கோடாகப் பொறி விடும், நுனியில் கொஞ்சம்தான் பிரியும். கார்பன் கூடக் கூடப் பொறி மத்தாப்பூ மாதிரி வெடித்துச் சிதறும். வார்ப்பிரும்பின் பொறி சிவந்து குட்டையாக இருக்கும். அரம் கடிக்காமல் வழுக்கினால் அது இறுகிய எஃகு.

காந்தத்தையும் வைத்துப் பாருங்கள். கல் உடைக்கும் கிரஷரின் தாடைத் தகட்டில் காந்தம் ஒட்டாது, ஏனென்றால் அது மாங்கனீஸ் எஃகு. அதற்கு ஸ்பிரிங்குக்குச் சொன்னதற்கு நேர்மாறு: சூடேற்றவே கூடாது, சின்னச் சின்னதாக ஓட்டி, ஆறவிட்டு ஆறவிட்டுச் செய்ய வேண்டும்.

சாலை சமன் செய்யும் கிரேடர் வண்டியின் பழைய பிளேடு ஒன்று கிடைத்தது. பக்கெட்டின் வாயில் வைக்கலாமா?

தாராளமாக. ஆனால் அதுவும் கார்பன் அதிகமுள்ள எஃகு, அதனால் போல்ட் போட்டே மாட்டுங்கள். அதில் சதுர ஓட்டை வரிசையாக இருக்கும். தலை உள்ளே பதிந்து நிற்கும் ப்ளோ போல்ட் அதற்கென்றே வருகிறது. பிளேடைப் பக்கெட்டில் கிளாம்ப் போட்டு, அதன் ஓட்டையையே அளவாக வைத்துக் குறித்து, பக்கெட் தகட்டில் துளையிடுங்கள். டேப் வைத்து அளந்தால் கடைசி ஓட்டை கட்டாயம் தள்ளிப்போகும்.

பக்கெட் வாயில் கிளாம்ப் செய்கிற ஃபோர்க் செய்ய நினைக்கிறேன். கட்டடக் கம்பியும் பைப்பும் நிறைய இருக்கின்றன.

ஐயா, இது மட்டும் வேண்டாம். பல் உடைந்தால் வேலை நிற்கும், அவ்வளவுதான். ஃபோர்க் உடைந்தால் மேலே இருக்கும் பாரம் கீழே வரும். கட்டடக் கம்பியில் கட்டுக்குக் கட்டு இரும்பின் குணம் மாறும், அதை நம்பித் தலைக்கு மேலே எதையும் தூக்கக் கூடாது. பழைய ஃபோர்க்லிஃப்டின் ஃபோர்க்கை வாங்குங்கள். அது அடித்து உருவாக்கிய எஃகு, தாங்கும் எடையை அதிலேயே பொறித்திருப்பார்கள். வளையும் குதிகால் பக்கத்தில் தடிமன் 10 சதவீதம் தேய்ந்திருந்தால் எடுக்காதீர்கள். அதில் வெல்டிங்கோ ஓட்டையோ போடவே கூடாது.

ஒரு கணக்கும் பாருங்கள். முன் சக்கரத்திலிருந்து 1.5 மீட்டர் தள்ளியிருக்கும் பக்கெட்டில் உங்கள் வண்டி 500 கிலோ தூக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபோர்க்கால் பாரம் இன்னும் ஒரு மீட்டர் முன்னால் போனால், அதே கவிழ்க்கும் விசைக்கு 300 கிலோதான் கணக்கு. ஃபோர்க்கின் எடையையும் அதில் கழிக்க வேண்டும். பின்னால் எதிர் எடை இல்லாமல் தூக்கவே தூக்காதீர்கள். கிளாம்பை நடுவில் மாட்டினால் பக்கெட்டின் உதடு வளையும், அதனால் பக்கத் தகடுகளுக்கு அருகில் மாட்டுங்கள்.

பழைய டீசல் டேங்க் தகடு நல்ல தடிமனாக இருக்கிறது. வெட்டலாமா?

வேண்டாம். காலியான டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். கழுவிவிட்டேன் என்ற நம்பிக்கையில் கட்டிங் டார்ச் வைக்காதீர்கள்.

கால்வனைஸ் பைப்?

பாரம் தாங்காத காவல் சட்டத்துக்குச் சரி. வெல்டிங் வரும் இடத்தில் துத்தநாகப் பூச்சை இரண்டு பக்கமும் முழுக்கத் தேய்த்து எடுத்துவிடுங்கள். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் அன்று ராத்திரி குளிர்காய்ச்சல் வரும்.

சங்கிலி மாட்டும் கொக்கியைப் பக்கெட் வண்டியில் இருக்கும்போதே வெல்டிங் வைக்கலாமா?

வைக்கலாம். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்பைக் கொக்கிக்குப் பக்கத்திலேயே, பெயின்ட் சுரண்டிய இடத்தில் போடுங்கள். தூரத்தில் போட்டால் மின்சாரம் மூட்டுகளில் இருக்கும் பின், புஷ் ஆகியவற்றின் வழியாகப் பாய்ந்து அவற்றைக் கெடுத்துவிடும். கொக்கி, வெல்டிங் செய்வதற்கென்றே வரும் வகையாக இருக்கட்டும். மெல்லிய தகட்டில் நேராக வைக்காமல், அடியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கனத்த தகட்டைச் சுற்றிலும் வெல்டிங் செய்து, அதன் மேல் வையுங்கள்.