கிறிஸ்தவராக மாறிய குடும்பம் பழைய குலதெய்வக் கொடைக்கு வரி கொடுக்கலாமா?

நாலைந்து தலைமுறைக்கு முன் கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பம், மாறாமல் இருந்துவிட்ட பங்காளிகள் சுடலைமாடன் கொடைக்கு, அதாவது சாமிக்கு எடுக்கும் விழாவுக்கு, குடும்பப் பங்காக வரி கேட்கிறார்கள், கொடுத்தால் சபையில் பிரச்சினை வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். ஆனாலும் கொடுங்கள்.

நீங்கள் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பமாகத்தான் இருக்கவேண்டும். ஆர்.சி.யாக, அதாவது ரோமன் கத்தோலிக்கராக இருந்தால் இந்தக் கேள்வி இவ்வளவு தூரம் உறுத்தியிருக்காது. அவர்களுக்குக் கொடியேற்றம் உண்டு, சப்பரம் உண்டு, மொட்டை போடுவதும் உண்டு. புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்குப் பேய் பிடித்தவர்களைக் கூட்டிக்கொண்டு இந்துக்களும்தான் வருகிறார்கள். சி.எஸ்.ஐ.க்காரர்களான நமக்கோ மிஷனெரிகள் காலத்திலிருந்தே மேளம் ஆகாது, வில்லுப்பாட்டு ஆகாது, படைத்த சோறு ஆகவே ஆகாது. அதைக் குறை சொல்ல வரவில்லை. அன்றைக்கு அப்படி ஒரு கோடு போட வேண்டிய காரணம் அவர்களுக்கு இருந்திருக்கும். ஆனால் அந்தக் கோட்டை யார் எந்த இடத்தில் போட்டார்கள் என்பதை அவரவர் வீட்டுக் கதையில்தான் பார்க்கவேண்டும்.

எங்கள் வீட்டுக் கதை இது. சாத்தான்குளம் பக்கம் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பனைவிளை, பனந்தோப்பு. அதன் ஓரத்தில் சுடலைமாடன் பீடம். தாது வருஷப் பஞ்சத்தை (1876-78) ஒட்டித் தம்பி, அதாவது எங்கள் பூட்டனார், ஞானஸ்நானம் எடுத்தார். அண்ணன் எடுக்கவில்லை. பீடத்தை இடித்துவிட்டு வா என்று சபையின் உபதேசியார் சொல்லியிருக்கிறார். "அதுல பாதி எங்க அண்ணனுக்கு உள்ளது, நான் எப்படி இடிப்பேன்?" என்று பூட்டனார் சொன்னதாக எங்கள் வீட்டில் இன்றும் சொல்வார்கள். கும்பிடுவதை விட்டுவிட்டார், பீடத்தைத் தொடவில்லை. விளையில் பாதி தன்னுடையது என்பதால் கொடைச் செலவில் தன் பங்கையும் கொடுத்துவந்தார். அவருக்குப் பிறகு தாத்தா கொடுத்தார், அப்புறம் அப்பா.

சின்ன வயதில் ஒரு கொடைக்கு அப்பா என்னையும் கூட்டிப்போனார். பந்தலுக்கு வெளியே உடைமரத்தடியில் நின்றோம். மதம் மாறாத அண்ணன் வழிப் பெரியப்பாதான் சாமியாடி. சாமியாடிக்குரிய சல்லடமும் குல்லாயும் போட்டு, கையில் வல்லயம் என்கிற ஈட்டியோடு, மகுடம் என்கிற பறையின் சத்தம் ஏற ஏற அவர் வந்த வரத்துக்குக் கூட்டம் தானாக விலகியது. நின்றவர்கள் நெற்றியில் எல்லாம் திருநீறு பூசிக்கொண்டே வந்தவர், அப்பா முன்னால் வந்ததும் கையைப் பின்னால் வாங்கிக்கொண்டார். "எம் பங்கு வந்துட்டா?" என்று கேட்டார். "வந்துட்டுய்யா" என்றார் அப்பா. அவ்வளவுதான், அடுத்த ஆளிடம் போய்விட்டார். சாமி வந்த நிலையிலும் தம்பி வேதக்காரன், கிறிஸ்தவன், அவன் நெற்றியில் பூசக்கூடாது என்கிற மரியாதை அவருக்கு இருந்தது. அந்த மரியாதையைச் சபையில் என்னால் பார்க்க முடியவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

சில வருஷம் கழித்து யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். சபை நிர்வாகத்தைப் பார்க்கிற சேகரக் கமிட்டி அப்பாவைக் கூப்பிட்டு விசாரித்தது. பிசாசுக்குப் பணம் கொடுத்தவன் திருவிருந்து (நற்கருணை) எடுக்கலாமா என்று கேட்டார்கள். அப்பா அதிகம் படித்தவர் இல்லை, ஆனால் வேதம் வாசிக்கிறவர். நாகமானை எடுத்துச் சொன்னார். இரண்டாம் இராஜாக்கள் ஐந்தாம் அதிகாரம். குஷ்டம் நீங்கின நாகமான், இனி கர்த்தரைத் தவிர வேறு தேவர்களுக்குப் பலியிடமாட்டேன், ஆனால் என் எஜமான் என் கையில் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோயிலில் பணியும்போது நானும் பணிய வேண்டியிருக்கும், அதை மன்னிக்கவேண்டும் என்று கேட்கிறான். எலிசா திட்டவில்லை. "சமாதானத்தோடே போ" என்றார். நான் பணியக்கூட இல்லையே, அண்ணன் வகைக்குச் சேரவேண்டிய பங்கைத்தானே கொடுத்தேன் என்று அப்பா கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. திருவிருந்தை மட்டும் நிறுத்திவைத்தார்கள். அடுத்து வந்த குருவானவர்தான் மறுபடி கொடுத்தார்.

இதைக் கேள்விப்பட்டு வெளியூரிலிருந்து சில இளைஞர்கள் பெரியப்பாவிடம் வந்து, மதம் மாறியவன் காசு கொடைக்கு எதற்கு, திருப்பிக் கொடுங்கள் என்றார்களாம். "பங்காளி காசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல நீங்க யாருடே?" என்று அனுப்பிவிட்டார்.

உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர், கஞ்சிக்காக மாறியவர்களுக்குக் குலதெய்வம் எதற்கு என்று எழுதியிருக்கிறார். பஞ்சத்தின்போது ஆயிரக்கணக்கில் சபைக்கு வந்தது உண்மை. பசித்தவன் சோறு கிடைத்த இடத்துக்குப் போனதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் கஞ்சிக் கணக்கில் எழுதாதீர்கள். முதலூர் 1799இல் உண்டானது, மாறியதற்காக அடியும் உதையும் பட்டு ஓடிவந்தவர்கள் தாவீது சுந்தரானந்தத்தோடு சேர்ந்து உண்டாக்கிய ஊர் அது. தென் திருவிதாங்கூரில் எங்கள் நாடார் பெண்கள் மேலே துணி போட 1859 வரை போராட வேண்டியிருந்தது. அந்தப் போராட்டத்தில் சபைக்குப் பெரிய பங்கு உண்டு. சபைக்கு வராமல், அய்யாவழியைத் தொடங்கிய ஐயா வைகுண்டர் வழியில் போனவர்களும் அதே அவமானத்துக்குத்தான் பதில் தேடினார்கள்.

கிறிஸ்தவம் வந்துதான் நாட்டார் சாமிகள் அழிந்தன என்பதும் அரைகுறைப் பேச்சு. சாமியைப் பிசாசு என்று பிரசங்கம் பண்ணினார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு 1713இல் இந்தச் சாமிகளைப் பற்றியே ஒரு நூல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர்கள் அச்சிடவில்லை, 1867இல்தான் சென்னையில் வெளியானது. திருநெல்வேலி மிஷனெரி கால்டுவெல்லும் பேயாட்டத்தைக் கடுமையாகத்தான் எழுதினார், ஆனால் 1849இல் வந்த அவர் நூலில்தான் கேப்டன் போல் (Pole) என்பவரின் கதை இருக்கிறது. 1809இல் திருவிதாங்கூர்ச் சண்டையில் காயம்பட்டுச் செத்த வெள்ளைக்கார அதிகாரியைப் புதைத்த இடத்தில் சாராயமும் சுருட்டும் படைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். துர்மரணம் அடைந்தவன் யாராக இருந்தாலும் அவனுக்கு ஒரு படையல் என்பதுதான் நம் ஊர் வழக்கம். சபைக்குப் போன தம்பிக்கு அதில் இடம் இல்லாமல் போகுமா?

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அப்பாவை விசாரித்த அந்த ஆட்கள் பொறுப்பில் இருந்தபோதுதான் எங்கள் சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைக் கரையான் தின்றது. பீரோ சாவி எந்த அணியிடம் இருப்பது என்று தேர்தல் சண்டை. திறந்து பார்த்தபோது அட்டையும் நடுவில் கொஞ்சம் தாளும்தான் மிச்சம். எங்கள் பூட்டனார் பெயர் இருந்த பக்கம் போய்விட்டது. அதற்காக எந்தக் கமிட்டி யாரை விசாரித்தது? கேட்டால் ஜெபிப்போம் என்றார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் போதகரும் இல்லை, வேதசாஸ்திரம் படித்தவனும் இல்லை, உங்கள் மனசாட்சி இடம் கொடுக்காவிட்டால் கொடுக்கவேண்டாம். கொடுப்பதானால் போனில் அனுப்பாமல் நேரில் போய், பங்காளிகளில் மூத்தவர் கையில் கொடுங்கள். பந்தலுக்கோ சாப்பாட்டுக்கோ வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தலையில் துணி கட்டிச் செய்யும் பரிவட்ட மரியாதை வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் அவர்களுக்கும் சங்கடம் இல்லை. வெட்டின கிடாவைச் சாப்பிடலாமா என்பதற்குப் பவுல் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தில் எட்டாம் அதிகாரத்தையும் பத்தாம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள், ஒன்றை மட்டும் வாசித்துவிட்டுச் சண்டைக்கு வராதீர்கள். குருவானவரிடம் நீங்களே முதலில் போய்ச் சொல்லிவிடுங்கள். இன்னொருவர் வாய் வழியாகப் போனால் வரி கொடுத்தது போய் நீங்களே சாமியாடினதாகத்தான் அவர் காதில் விழும்.